முதியோர் உணவும் கைப்பேசிச் செயலியும்

உண்ட உணவின் பெயரையும் அளவையும் பதிந்தவுடன், அதனால் கிடைத்த கலோரி, புரதம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டுக் காட்டும் செயலிகள் இப்பொழுது நகரங்களில் பெருவழக்காயுள்ளன. இவற்றுள் நன்கறியப்பட்ட ஹெல்த்திஃபைமீ 2012இல் பெங்களூரில் தோன்றியது. அதனை நிறுவியவர்களுள் ஒருவரான துஷார் வசிஷ்ட், மாத்யூ செரியன் என்னும் நண்பருடன் 2011இல் ஒரு சோதனையை மேற்கொண்டார். நாளொன்றுக்கு 100 ரூபாயிலும், பின்னர் அதனினும் மிகக் குறைந்த தொகையிலும் இருவரும் வாழ்ந்து, உண்டவற்றின் சத்தைக் கணக்கிட்டு வந்தனர். நம் நாட்டு உணவுகளுக்கு எளிதில் பயன்படும் கணக்கு முறை இல்லையென்னும் குறையே அச்செயலிக்கு வித்தாயிற்று.

கணக்கு முறை எளிதாக இல்லையே தவிர, அட்டவணைகள் இல்லாமலில்லை. குன்னூர் ஆய்வகத்தில் பணியாற்றிய அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து மதிப்பைக் கூறும் சுகாதார வெளியீட்டை 1937இலேயே அளித்தார். அவ்வாய்வகம் பின்னர் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகின்றது. நாட்டின் ஆறு பகுதிகளிலிருந்து திரட்டிய மாதிரிகளைச் சோதித்து, 528 உணவுப் பொருள்களின் அட்டவணையை 2017இல் இந்நிறுவனம் வெளியிட்டது. ‘நியூட்ரிஃபை இந்தியா நவ்’ என்னும் செயலியும் 2019இல் இந்நிறுவனத்தாலேயே வெளியிடப்பட்டது.

ஆகவே, செயலியின் கணக்குக்கு அடிப்படை அட்டவணையேயாகும். ஆனால் அட்டவணை பேசுவது 100 கிராமைப் பற்றி. முதியவர் உண்பதோ ஒரு கிண்ணம், ஓர் உருண்டை, ஒரு கரண்டி. பிழை நுழையும் வாயில் இதுவே. கிண்ணமொன்று 150 மில்லிலிட்டர் கொள்ளும் என்று செயலி கருத, வீட்டுக் கிண்ணம் 200 மில்லிலிட்டர் கொள்ளுமாயின், உண்மை அளவு கணக்கிட்டதைவிட மூன்றிலொரு பங்கு மிகுந்துவிடும். களப்பணியாளர் முதன் முறை ஒரு வீட்டிற்குச் செல்லும்போது, அளவு குறித்த குவளையால் நீரூற்றி அவ்வீட்டுக் கிண்ணத்தை அளந்து வைத்துக்கொள்வது நலம்.

அளவைவிடக் கடினமானது சமையல் முறை. பெங்களூரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் கேழ்வரகுக் களிக்கு ‘பஸ்ஸாறு’ என்னும் குழம்பு ஊற்றுவர். கீரையையும் பருப்பையும் வேகவைத்து, நீரை வடித்து, அந்நீரோடு சிறிது பருப்பை மசாலையுடன் அரைத்துக் கூட்டிக் கொதிக்கவைப்பது பஸ்ஸாறு. மீதிப் பருப்பும் கீரையும் தாளிக்கப்பட்டுப் பொரியலாகின்றன. புரதத்தின் பெரும் பங்கு பொரியலிலேயே தங்கிவிடுகின்றது. பல் இழந்த மூதாட்டியார் பொரியலை ஒதுக்கிவிட்டுக் களியையும் சாற்றையும் மட்டும் உண்கின்றார் என்று கொள்வோம். செயலியில் அது ‘சாம்பார், ஒரு கிண்ணம்’ என்று பதிவாயின், அவர் உண்ணாத பருப்பும் அவர் கணக்கில் ஏறிவிடும். பொரியலை மசித்துக் கொடுத்தாலன்றி இக்குறை தீராது. அதைக் கண்டறிய வேண்டியவர் களப்பணியாளரேயாவார், ஏனெனில் செயலிக்கு வாயும் பல்லும் தெரியா.

இனி, இலக்கைப் பற்றிய சிக்கல். இத்தகைய செயலிகளுட் பல, உடல் எடையைக் குறைக்க விரும்பும் நடுவயதினரைக் கருதி அமைந்தவை. கலோரி குறைந்தால் பாராட்டும் தன்மையுடையவை. எழுபது வயதினருக்கு அப்பாராட்டே தீங்காகலாம். பசி குறைந்து, தசை தேய்ந்து வரும் பருவத்தில், உணவு மேலும் குறைந்தால் நடையில் தளர்ச்சியும், விழுந்து எலும்பு முறியும் அபாயமும் மிகும். ஆதலின் முதியோர் பதிவில் முதற்கண் நோக்க வேண்டியது கலோரி மிகையன்று, புரதக் குறைவே.

எடுத்துக்காட்டாக, 50 கிலோ எடையுள்ள மூதாட்டியார் ஒருவரைக் கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் வகுத்தபடி, எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் வேண்டும். அஃதாவது ஏறக்குறைய 42 கிராம். முதியோருக்கு கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையலாகாது என்று கூறும் நிபுணர்களும் உளர். அவருக்குக் காலையில் இரண்டு இட்டலி 4 கிராம் தரும். நண்பகலில் 100 கிராம் மாவில் கிண்டிய களி 7. 30 கிராம் பருப்பு 6 அல்லது 7. மாலைக் காப்பியின் பால் 3. இரவில் 75 கிராம் அரிசியின் சோறு 6. சிறிது தயிர் 3. கூட்டினால் 30 கிராமே தேறும். ஒரு முட்டை 6 கிராமும், வேகவைத்து மசித்த 25 கிராம் நிலக்கடலை மற்றோர் 6 கிராமும் தந்து குறையை நிரப்பும். இக்கணக்கை வகுப்பறைக் கரும்பலகையில் மாணவரைக்கொண்டே போடச் செய்யலாம்; தம் பாட்டியாரின் ஒரு நாள் உணவை எழுதிவரச் சொன்னால் பாடம் வீடு வரை செல்லும். கேழ்வரகைக் குறைத்து மதிக்க வேண்டா: 100 கிராம் மாவில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு, அதே எடை அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உளது.

உப்பின் அளவு பதிவுகளிற் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். ஊறுகாயும் அப்பளமும் ‘உணவு’ என்று யாருக்கும் தோன்றுவதில்லை போலும். உலகச் சுகாதார நிறுவனம் கூறும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்டது, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி.

சிறுநீரக நோயுடையோருக்குப் புரதத்தைக் கூட்டுவதும், நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோருக்கு உணவைக் குறைப்பதும் மருத்துவரின் ஆணையின்றிச் செய்யத்தகாதவை. மருந்தின் அளவு மாறாதிருக்க, உணவு மட்டும் குறைந்தால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் நேரக்கூடும்.

பதிவு செய்யும் வேலையை முதியவரே செய்ய வேண்டுமென்பதில்லை. எழுத்துச் சிறிதாகத் தெரிதல், மொழி அறியாமை ஆகியவற்றால் பலர் இரண்டொரு நாளில் விட்டுவிடுவர். வாரத்தில் இரண்டு வேலை நாளும் ஒரு விடுமுறை நாளும் பேரப்பிள்ளை எழுதி வைத்தாலும் போதும். அதனுடன் மாதந்தோறும் ஒரே நிறைகோலில் எடை பார்த்துக் குறித்தல் வேண்டும். முயலாமலே ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 50 கிலோ உள்ளவருக்கு 2½ கிலோ, குறைந்திருப்பின், செயலி எதைக் காட்டினும் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.