குழந்தையின் முதல் கவளம்

தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகியவற்றின் சட்டங்களைச் சொல்லும் திருக்குர்ஆன், தாயின் மடியில் கிடக்கும் பால்குடிக் குழந்தையின் உணவைப் பற்றியும் பேசுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 233-வது ஆயத்தில், பாலூட்டும் காலத்தை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என அல்லாஹ் தஆலா எல்லை வகுத்துள்ளான். அந்தத் தாய்க்கு உணவும் உடையும் முறைப்படி கொடுப்பது தந்தையின் கடமை என்றும், குழந்தையைக் காரணமாக வைத்துத் தாயையோ தந்தையையோ துன்புறுத்தக் கூடாது என்றும் அதே ஆயத்தில் கூறியுள்ளான். இரண்டு ஆண்டுக்கு முன்பே பாலை நிறுத்த விரும்பினால், இருவரும் மனம் ஒப்பி, கலந்து ஆலோசித்துச் செய்தால் குற்றமில்லை என்றும் அறிவித்துள்ளான்.

இந்த ஆயத்தை ஓதும் நம் வீடுகளில் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. இரண்டு வருடம் பால்தான் உணவு என்று எண்ணி, பத்து மாதம் ஆன பிறகும் குழந்தைக்கு வேறொன்றும் கொடுக்காமல் இருப்பது ஒன்று. கூழ் கொடுக்கத் தொடங்கியதுமே இனிப் பால் தேவையில்லை என்று நிறுத்திவிடுவது மற்றொன்று. உணவைத் தொடங்குவது வேறு, பாலை நிறுத்துவது வேறு. ஆயத்தில் சொல்லப்பட்ட இரண்டு ஆண்டு என்பது பாலூட்டலின் நிறைவு எல்லையே தவிர, அதுவரை வேறு உணவு கூடாது என்பதல்ல. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எப்போது தொடங்குவது?

அஹ்காஃப் அத்தியாயத்தின் 15-வது ஆயத்தில், சுமப்பதும் பால்குடி மறக்கடிப்பதும் சேர்ந்து முப்பது மாதங்கள் என்று வருகிறது. இதில் இருபத்து நான்கைக் கழித்தால் ஆறு மிஞ்சும். அந்த ஆறு மாதம் கர்ப்ப காலத்தின் மிகக் குறைந்த அளவு என்றே ஸஹாபாக்கள் விளங்கினார்கள். அதைக் குழந்தைக்குச் சோறூட்டும் வயதுக்கு ஆதாரமாகக் காட்டக் கூடாது. உணவு தொடங்கும் மாதத்தை மார்க்கம் எண்ணிட்டுச் சொல்லவில்லை. அதனை அனுபவமும் மருத்துவமும் அறிந்தோரிடம் கேட்டே அறிய வேண்டும்.

ஹிஜ்ரி 751-ல் மறைந்த இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள், குழந்தை வளர்ப்பின் சட்டங்களைத் தொகுத்த தமது 'துஹ்ஃபத்துல் மவ்தூத்' என்ற நூலில், குழந்தையின் வயிறு பலவீனமானது என்பதால் பல் முளைக்கும் வரை பாலே போதும் என்றும், பிறகு மிருதுவான உணவிலிருந்து படிப்படியாகப் பழக்க வேண்டும் என்றும் எழுதியுள்ளார்கள். இன்றைய மருத்துவமும் அந்தப் படிமுறையையே சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலுடன் வேறு உணவும், இரண்டு வயது வரையிலோ அதற்கு மேலோ பாலைத் தொடர்வதும் என்று வகுத்துள்ளது. பிறக்கும்போது உடலில் சேமிப்பாக இருந்த இரும்புச் சத்து ஆறாம் மாத அளவில் குறைந்துவிடுகிறது. அதன்பின் பால் மட்டும் போதாது. பல் முளைப்பது சில குழந்தைகளுக்குத் தாமதமாகும். அதற்காக உணவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தலை நிமிர்ந்து நிற்பதும், பிடித்துக்கொண்டால் உட்காருவதும், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்குவதுமே சரியான அடையாளங்கள்.

எப்படி ஊட்டுவது?

நம் தர்மபுரி மாவட்டத்துக்கு அல்லாஹ் அளித்த பெரும் நிஃமத் கேழ்வரகு. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அரிசியில் இதில் சிறு பங்குகூடக் கிடையாது. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, இலேசாக வறுத்து, அரைத்துச் சலித்து வைத்துக்கொண்டு கூழாகக் காய்ச்சலாம். முதலில் இரண்டு மூன்று கரண்டி போதும். எட்டு மாதம் வரை நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளையும், அதன்பின் மூன்று நான்கு வேளையும் கொடுக்க வேண்டும். கூழ் தண்ணீர் போல ஓடக் கூடாது. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழியாமல் நிற்க வேண்டும்.

கூழோடு நிறுத்திவிடவும் கூடாது. பருப்பும் சோறும் மசித்தது, கீரை, வாழைப்பழம், வேகவைத்த முட்டை ஆகியவற்றை ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுப் பழக்கலாம். சூப்புத் தண்ணீரில் கறியின் சத்தெல்லாம் இறங்கிவிடுகிறது என்று எண்ணிப் பலரும் அதை மட்டும் கொடுக்கிறார்கள். சத்து கறியில்தான் இருக்கிறது. ஹலாலான கறியையும் ஈரலையும் குழைய வேகவைத்து, நார் இல்லாமல் மசித்துக் கொடுப்பதே பயன் தரும். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டியதில்லை.

தேனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குழந்தை பிறந்ததும் பேரீச்சம் பழத்தை மென்மையாக்கி மேல்வாயில் தடவும் தஹ்னீக் ஸுன்னத்தாகும். ஹஜ்ரத் அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் பேரீச்சம் பழத்தாலேயே தஹ்னீக் செய்தார்கள். தேனில் ஷிஃபா இருக்கிறது என்பது சத்தியம். ஆயினும் தேனில் சில வேளை ஒரு நுண்கிருமியின் வித்துகள் கலந்திருக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் அவை பெருகி, உடலைத் தளர்த்திவிடும் நஞ்சை உண்டாக்கலாம் என்பதால் மருத்துவர்கள் அதைத் தடுக்கிறார்கள். பெரியவருக்கு மருந்தாவது பச்சிளங்குழந்தைக்கும் மருந்தாக வேண்டும் என்பதில்லை.

தண்ணீரைக் கவனியுங்கள்

நம் மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சி உள்ளது. பல்லில் பழுப்புக் கறையும், மிகுந்துவிட்டால் எலும்பு வளைவும் அதனால் வருகின்றன. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இதற்காகவே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.

இதில் அல்லாஹ்வின் கருணையைப் பாருங்கள். தாய் குடிக்கும் நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தாலும், தாய்ப்பாலில் அது மிகச் சொற்பமாகவே சேர்கிறது. அந்தக் காவல் ஆறாம் மாதம் கூழ் காய்ச்சும் தண்ணீரோடு தளர்கிறது. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலமும் அதுவே. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீரில் குழந்தைக்குக் கூழோ, டப்பாப் பாலோ கலக்காமல், காவிரி நீர் வரும் குழாயிலிருந்து பிடித்துக் காய்ச்சி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். வீட்டில் ஒரு குடம் நீர்தான் இருக்கிறது என்றால் அது குழந்தைக்கும் பாலூட்டும் தாய்க்கும் உரியது.

பாலை நிறுத்துவதில் அவசரம் வேண்டாம்

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் பால்குடி மறந்த குழந்தைகளுக்கே அரசாங்க உதவித் தொகை தரப்பட்டது. ஓரிரவு மதீனாவில் வந்து தங்கிய வணிகக் கூட்டத்தைக் காவல் காத்து வந்தபோது, ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டார்கள். தாயிடம் பலமுறை சென்று விசாரித்தபோது, அவர் யார் என்று அறியாத அப்பெண், உமர் பால்குடி மறந்த பிள்ளைக்கே பணம் தருகிறார், அதனால் இதை வலிந்து மறக்கடிக்கிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னாள். அன்றைய ஃபஜ்ரு தொழுகையில், அழுகையின் மிகுதியால் அவர்களுடைய கிராஅத் மக்களுக்கு விளங்கவில்லை. பின்னர், பிள்ளைகளின் பாலை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள், இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என அறிவிக்கச் செய்தார்கள். இப்னு ஸஅத் (ரஹ்) இதனைப் பதிவு செய்துள்ளார்கள்.

ஒரு குழந்தையின் பாலுக்காக ஒரு சட்டமே மாறியது. நம் வீடுகளிலோ, மார்பில் வேப்பிலையை அரைத்துப் பூசி ஒரே நாளில் பிள்ளையை விலக்குகிறார்கள். அடுத்த கர்ப்பம் தரித்ததும் பால் விஷமாகிவிட்டது என்கிறார்கள். பாலூட்டும் காலத்துக் கர்ப்பம் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் தடை விதிக்க எண்ணி, ரோமரும் பாரசீகரும் அவ்வாறு செய்தும் அவர்களுடைய குழந்தைகளுக்குத் தீங்கில்லை எனக் கண்டு, தடுக்காமல் விட்டார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீது உள்ளது. கர்ப்பத்தில் சிக்கல் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். இல்லையேல் ஒரு வேளை, இரு வேளை எனச் சிறுகச் சிறுகக் குறையுங்கள். இதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் தாயும் தந்தையுமே. பாட்டிமாரின் அனுபவத்தைக் கேட்கலாம். ஆனால் தாயை ஏசி, நெருக்கிப் பாலை நிறுத்தச் சொல்வது அந்த ஆயத்துக்கு மாறாகும். தாய்க்கு வயிறார உணவும், பிள்ளைக்கு ஒரு முட்டையும் வாங்கித் தராத தந்தை, ஆலோசனையில் மட்டும் பங்கு கேட்க முடியாது.

ஒரு மஸ்அலா

உம்மு கைஸ் (ரலி) அவர்கள், இன்னும் உணவு உண்ணாத தம் ஆண் குழந்தையை நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தபோது, அது அவர்களின் ஆடையில் சிறுநீர் கழித்தது. அவர்கள் தண்ணீர் வரவழைத்துத் தெளித்தார்கள். இதன்படி ஷாஃபிஈ மத்ஹபில், இரண்டு வயது நிறையாத, உணவாகப் பாலைத் தவிர வேறெதுவும் உண்ணாத ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில், அதன் ஈரத்தைப் போக்கிவிட்டு நீர் முழுதும் படும்படி தெளித்தால் போதும். தஹ்னீக்கும் மருந்தும் இதைப் பாதிக்காது. பெண் குழந்தையுடையதைக் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இரண்டையும் கழுவ வேண்டும். கூழ் ஊட்டத் தொடங்கிய நாளிலிருந்து ஷாஃபிஈகளும் கழுவியே தொழ வேண்டும் என்பதைத் தாய்மார்கள் நினைவில் கொள்க.

கைகளைக் கழுவி, 'பிஸ்மில்லாஹ்' சொல்லி, வலக் கையால் ஊட்டுங்கள். தம் மடியில் வளர்ந்த சிறுவர் உமர் பின் அபீ ஸலமா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உணவுத் தட்டின் முன் கற்றுத் தந்தவையும் இவைதாம்: அல்லாஹ்வின் பெயர், வலக் கை, தனக்கு அருகில் உள்ளதை உண்பது. பேசத் தெரியாத பிள்ளையும் ஒவ்வொரு கவளத்தோடும் அந்தத் திருநாமத்தைக் கேட்டு வளரட்டும்.

நம் சந்ததிகளை ஆரோக்கியமும் ஈமானும் உள்ளவர்களாக வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.