வெந்நீர் டப்பில் டெட்டால் எதற்கு?

மூலம், பவுத்திரம், ஆசனவாய் வெடிப்பு என்று எந்த ஆபரேஷன் ஆனாலும், டிஸ்சார்ஜ் சீட்டில் ‘சிட்ஸ் பாத்’ என்று ஒரு வரி இருக்கும். பின்புறம் முழுகும் அளவு வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். மோஷன் போனபின் அவசியம். மும்பை திலக் நகர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த ஒரு வரியோடு அக்கம்பக்கத்து யோசனைகளும் சேர்ந்துகொள்ளும்.

‘பொறுக்கிற சூடு இருந்தால்தான் பலன்’ என்பது அவற்றில் மோசமானது. சுமார் 40 டிகிரி போதும். முதுகில் மயக்க ஊசி போட்ட அன்று இடுப்புக்குக் கீழே மரத்திருக்கும். பல வருடச் சர்க்கரைக்காரர்களுக்கும் உணர்வு மட்டு. சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். கீஸர் தண்ணீரை விளாவி, முழங்கையை நனைத்துப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

ஒரு மூடி டெட்டால், ஒரு பிடி உப்பு? வெறும் தண்ணீரே போதும். டெட்டால் கூடினால் பச்சைப் புண் எரியும், தோல் புண்ணாகும். டாக்டரே பொட்டாசியம் பெர்மாங்கனேட் எழுதியிருந்தால் சரி, ஆனால் கரையாத துகள் தோலைச் சுட்டுவிடும்.

‘டப்பில் உட்கார்ந்தால் புண் சீக்கிரம் ஆறும்’ என்பதற்கும் வலுவான ஆதாரம் இல்லை. நம் மாநிலத்து நாக்பூரில் அறுவை மருத்துவர் பி.ஜே. குப்தா, வெடிப்பு ஆபரேஷன் ஆனவர்களிடம் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. டப்பில் உட்கார்ந்தவர்களுக்கும் உட்காராதவர்களுக்கும் வலியில் பெரிய வித்தியாசமில்லை. உட்கார்ந்தவர்களுக்கு எரிச்சல் குறைந்தது, திருப்தி கூடியது. அந்த நேரத்தில் எரிச்சல் அடங்குவது சின்ன விஷயமா என்ன?

தண்ணீர் பட்டால் சீழ் பிடிக்கும் என்று பயந்து புண்ணைக் காயவிடுபவர்களும் உண்டு. பவுத்திரப் புண்ணைப் பெரும்பாலும் தைக்காமல் திறந்தேதான் விடுவார்கள்; அடியிலிருந்து சதை வளர்ந்து மூட வாரக்கணக்கில் ஆகும். மலம் படுகிற இடத்தைக் கழுவாமல் வைப்பதுதான் வம்பு. கழுவியபின் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

வெஸ்டர்ன் கம்மோடின் மேல் வைக்கும் டப் மெடிக்கல் கடையில் கிடைக்கும். பழைய மாடா (MHADA) வீட்டு வாரியக் கட்டடங்களில் இந்தியன் டாய்லெட் என்றால், தரையில் டப் வைத்துக் குந்தி எழுவதற்குள் உயிர் போகும். வெந்நீரில் ரத்த அழுத்தம் இறங்கித் தலையும் சுற்றும். ஹேண்ட் ஷவரில் வெதுவெதுப்பாகப் பீய்ச்சினாலும் சரிதான். தைவானில் மூல ஆபரேஷன் ஆனவர்களிடம் ஒப்பிட்டதில் அது டப்புக்குச் சளைக்கவில்லை.

ரத்தம் நிற்காமல் ஒழுகினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ டப்பை ஓரமாக வைத்துவிட்டு ராஜாவாடிக்கோ சயான் ஆஸ்பத்திரிக்கோ ஆட்டோ பிடியுங்கள்.