விரைவும் தொடரமைதியும்
(கிற்றார் பயிலும் மாணாக்கருக்கு)

கிற்றார் என்னும் நரம்புக் கருவியைப் பயில்வார் இக்காலத்து நம் மாணாக்கருள்ளும் பலர். அவருட் பெரும்பாலோர் முதற்கண் விரும்புவது விரல் விரைவே. விரைவு வேண்டுவதே, ஆயினும் விரைவொன்றே இசையாகாது. தமிழ் கற்பிக்கும் ஒருவன் கிற்றாரைப்பற்றி எழுதப் புகுந்தது ஏனெனின், ஈண்டுப் பேசப்படுவது ஒருவகையில் வாக்கிய இலக்கணமே ஆதலின் என்க.

பாடுவோரும் நாதசுரம் ஊதுவோரும் மூச்சு வாங்குதற்காக இடையிடையே நிறுத்துவர். அந்நிறுத்தமே அவர்தம் இசையைத் தொடர் தொடராக வகுத்துவிடுகின்றது. கிற்றாருக்கோ மூச்சு வேண்டுவதில்லை. விரல் சோருமளவும் சுரங்களை இடையறாது உதிர்க்கலாம். கருவியின் இவ்வசதியே பயில்வார்க்கு இடராயிற்று. நிறுத்தக்குறியில்லாத கட்டுரையை ஒரே மூச்சில் ஒருவன் வாசித்தால் கேட்போர் பொருளுணரார். அதுபோலவே, இடைவெளியற்ற கிற்றார் வாசிப்பைக் கேட்போரும் வியப்பரேயன்றி ஒன்றையும் நினைவிற் கொண்டு செல்லார்.

இக்குறையை வென்றோருள் அமெரிக்கர் இருவரைக் காட்டலாம். சார்லி கிறிஸ்ரியன் (1916–1942) என்பார் 1939இல் பெனி குட்மன் குழுவிற் சேர்ந்து, மின்கிற்றாரைத் தனித்து முன்நின்று வாசிக்கும் கருவியாக நிலைநாட்டியவருள் ஒருவர். சக்சபோன் என்னும் ஊதுகருவியின் போக்கை அவர் தந்தியில் அமைத்தார். மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்த பி. பி. கிங் (1925–2015) புளூஸ் இசையிற் புகழ்பெற்றவர். அவருடைய உறவினர் புக்கா வைற் தந்திமேற் குழாயை வழுக்கி வாசிப்பவர். அவ்வோசையில் ஈடுபட்ட கிங், குழாயின்றி விரலசைவினாலேயே அதனை எழுப்ப முயன்று, தமக்கேயுரிய ஒரு நடுக்கவோசையைப் பெற்றார். அவர் ஓரடி பாடி நிறுத்துவார். பின் கிற்றார் மறுமொழி கூறும்.

புளூசின் பொதுவமைப்பும் இதற்கு இசைந்ததே. நான்கெண்ணிக்கை கொண்ட தாளவட்டம் பன்னிரண்டு. அவை நான்கு நான்காக மூன்று பகுதிப்படும். ஒவ்வொரு பகுதியிலும் குரல் முன்னும் கருவி பின்னுமாக நிகழும். பெரும்பாலும் முதலடி மறித்துப் பாடப்பட, மூன்றாமடி அதனை முடித்துவைக்கும்.

இனி, பயிற்சி முறை கூறுவாம்.

முதலாவது, வாயாற் பாடிய பின்னரே வாசித்தல். பாடவொண்ணாத தொடர் பெரும்பாலும் விரலின் வழக்கமேயன்றி உள்ளத்தெழுந்த கருத்தன்று.

இரண்டாவது, சுரச்சிக்கனம். புளூசிற் பெரிதும் பயிலும் ஐந்து சுரங்கள் ச, க, ம, ப, நி என்பன. கமகமும் நடையும் வேறாயினும், நம் சுத்த தன்யாசிக்குரிய சுரங்களும் இவையே. இவற்றுள் மூன்றை மட்டுங்கொண்டு இரண்டு தாளவட்டம் வாசித்து, இரண்டு தாளவட்டம் வாளாவிருக்க. அப்பொழுதும் தாளத்தை எண்ணுக.

மூன்றாவது, வினாவும் விடையும். ஒரு தொடரை இருமுறை வாசித்து ஈற்றை மட்டும் மாற்றுக. பஞ்சமத்தில் நிற்பின் வினாப்போல் ஒலிக்கும். சட்சத்தில் இறங்கின் விடையாகும். பக்கத்தே ஒலிக்கும் சுரக்கூட்டு மத்திமத்திற்கு மாறுங்கால், தொடரும் மத்திமத்திலோ சட்சத்திலோ முடிதல் நன்று.

நான்காவது, ஒரு சுரத்தை நீட்டப் பழகுதல். செய்யுளில் அளபெடை செய்யும் தொழிலை இங்கே நீண்ட சுரம் செய்யும். வீணையிற்போலத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அடுத்த சுரத்தைச் செம்மையாய்த் தொடுதலும் இதன்பாற்படும்.

இவை கைவந்தபின் விரைவு தன் இடத்தைப் பெறும். செய்யுளில் முடுகு நடை இன்பம் தருவது, அதற்கு முன்னும் பின்னும் நடை மாறுதலினால் அன்றோ?

எம் மாணாக்கன் ஒருவன் விரைவிலே தோழர்க்குப் பின்னிட்டமையாற் கிற்றாரையே கைவிட எண்ணினான். இம்முறையிற் சில திங்கள் பயின்று, பாடசாலைக் கலைவிழாவிற் சில சுரங்களே கொண்ட ஒரு தொடரை மாற்றி மாற்றி வாசித்தான். கைதட்டல் பெரிதாக இருந்ததில்லை. ஆனால், மறுநாட் காலை கீழ்வகுப்புச் சிறுவர் சிலர் தாழ்வாரத்தில் அத்தொடரை முணுமுணுத்துச் சென்றனர். அதனை அவனும் கேட்டான், கருவியைக் கைவிட்டிலன்.

பிள்ளைகளைப் பெற்ற பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம்: வீட்டிலே பிள்ளை வாசிக்குங்கால், எத்துணை விரைவாக வாசித்தான் என்று வினவற்க. வாசித்ததைப் பாடிக்காட்டுமாறு கேட்பீராக.