புரத மூலக்கூற்றின் புறப்பரப்பு

மாம்பழப் பருவத்தில் சித்தூர் மண்டிகளில் கிளிமூக்கு மாங்காய்கள் மலைபோற் குவிந்து கிடக்கும். அக்குவியலின்மீது ஒரு தேங்காயை உருட்டினால், அது மேடுகளை மட்டும் தொட்டுச் செல்லும். எலுமிச்சம்பழமோ காய்களுக்கு இடையேயுள்ள பள்ளங்களிலும் இறங்கும். புளியங்கொட்டை இடுக்கினுள் நுழைந்து மறைந்தே போகும். குவியல் ஒன்றேயாயினும், நாம் காணும் புறப்பரப்பு உருட்டும் பொருளின் அளவைப் பொறுத்தது. புரதங்களைக் கணிப்பொறித் திரையில் ஆராயப் புகும் மாணவர் முதற்கண் உணரவேண்டிய உண்மை இதுவே.

ஒன்றோடொன்று பிணையாத அணுக்கள் ஓர் எல்லைக்குமேல் நெருங்க இயலா. இவ்விதியைக் கொண்டே, புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு திரும்பக்கூடும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் 1963-இல் வரையறுத்தனர். புறப்பரப்பின் கணக்கிலும் ஒவ்வோர் அணுவும் ஒரு கோளமாகவே கொள்ளப்படுகிறது. அக்கோளங்களின்மீது, நீர் மூலக்கூற்றைக் குறிக்கும் 1.4 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள சிறு பந்து உருட்டப்படுகிறது. (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.) பந்தின் மையம் செல்லும் பரப்பை 1971-இல் லீ, ரிச்சர்ட்ஸ் இருவரும் வகுத்தனர். பந்தின் அடிப்புறம் வரையும் பரப்பே மூலக்கூற்றுப் புறப்பரப்பு எனப்படும். அதனைக் கணிக்கும் முறையைக் கானலி 1983-இல் வெளியிட்டார்.

கோழிமுட்டை வெண்கருவிலுள்ள லைசோசைமை உதாரணமாகக் கொள்வோம். 129 அமினோ அமிலங்களாலான இப்புரதத்தின் அமைப்பை டேவிட் பிலிப்ஸ் குழுவினர் 1965-இல் லண்டனில் கண்டறிந்தனர். இதன் ஒரு பக்கத்தில் நீண்ட பிளவு ஒன்றுண்டு. பாக்டீரியாச் சுவரின் சர்க்கரைச் சங்கிலி அதனுட்பொருந்தி வெட்டுண்கிறது. வெட்டும் வினைக்குரிய 35-ஆம் குளூட்டாமிக் அமிலமும் 52-ஆம் அஸ்பார்ட்டிக் அமிலமும் அப்பிளவில் எதிரெதிரே நிற்கின்றன.

இங்கேயே பிழைக்கும் இடமுண்டு. அணுவிடக் கோப்பில் புரதத்துடன் படிகநீரும், சில சமயம் பிளவில் அமர்ந்த சர்க்கரையும் இடம்பெற்றிருக்கும். அனைத்தையும் சேர்த்துப் பரப்பு வரைந்தால் பிளவு தூர்ந்துவிடும். "இப்புரதத்தில் மருந்து பொருந்த இடமில்லை" என மாணவர் முடிவு கட்டிவிடுவார். அத்தவற்றால் ஆய்வுக்கூடத்தில் பல மாத உழைப்பு வீணாகலாம். அவ்வணுக்களைத் திரையில் மறைத்தல் போதாது. கணக்கினின்றே விலக்கல் வேண்டும். பந்தின் ஆரத்தை மிகுத்தால் உண்மைக் குழிகள் மறையும். மிகக் குறைத்தால் நீரும் புகாத பொய்த்துளைகள் தோன்றும். ஆதலின் படத்தை வெளியிடுவோர் ஆரத்தையும், விலக்கிய அணுக்களையும் குறிப்பிடல் கடமையாகும். புரதம் ஓயாது அசைவது. படம் அதன் ஒரு நிலையே என்பதும் நினைவிலிருத்தற்குரியது.

பயிற்சி: 1971-இல் நிறுவப்பட்ட புரதத் தரவு வங்கி, அணுவிடக் கோப்புகளை இலவசமாக அளிக்கிறது. திருப்பதியிலும் சித்தூரிலும் பயிலும் மாணவர்கள், சர்க்கரையுடன் கூடிய லைசோசைமின் கோப்பொன்றை அதிலிருந்து பெற்று, சர்க்கரையைச் சேர்த்து ஒருமுறையும் விலக்கி மறுமுறையும் பரப்பு வரைந்து ஒப்பிடுக. பின்னர் ஆரத்தை 1.4-லிருந்து 3 ஆங்ஸ்ட்ராமாக உயர்த்தி, பிளவு எவ்வாறு மாறுகிறதெனக் குறித்துக்கொள்க.