கர்ப்பப்பை வாய்ச் சிகிச்சை: கணவன் மனைவி இருவரும் முன்னதாக அறிய வேண்டியது



கர்ப்பப்பை வாய்ப் புற்று ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. ஒரு வைரஸ் கிருமி தங்கி, அங்குள்ள மேல்தோலை மெல்ல மாற்றிப் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அதுவரை வலி தெரியாது. நீர்த்த வினிகர் தடவிப் பார்த்தால் மட்டும் மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனை இலவசம்.

உடுமலையைத் தாண்டினால் திண்டுக்கல் மாவட்டம். அங்கே ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் இருந்து பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஊர் ஊராகச் சென்று, 2000 முதல் 2003 வரை 31,343 பெண்களைச் சோதித்தார்கள். மாற்றம் தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தை உறைய வைக்கும் சிகிச்சை தரப்பட்டது. சோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட இந்தப் புற்றால் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் முடிவு வெளியாயிற்று.

சிகிச்சைக்குக் கத்தியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. வாயுவால் குளிர்ந்த கருவியை 3 நிமிடம் வைப்பார்கள். 5 நிமிடம் விட்டு மறுபடி 3 நிமிடம். மாதவிலக்குப் போல அடிவயிறு பிடிக்கும். அன்றே வீடு திரும்பலாம்.

தொல்லை பிறகுதான். நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட, தண்ணீராக வடியும். பல்லடம் பக்கம் ஓர் அம்மணி என்னிடம், "நல்லாத்தானுங்க இருந்தேன். வைத்தியம் பண்ணி நோவை வாங்கிட்டு வந்தாப்புல ஆயிருச்சு" என்றார். உண்மையில் புண் ஆறிக்கொண்டுதான் இருந்தது. வடியும் என்று முன்கூட்டி அவரிடம் யாரும் சொல்லவில்லை, குறை அங்கேதான். தெரிந்து செய்துகொண்டவர்கள் இதே சிகிச்சையைக் குறை சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. ஆகவே படுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: எத்தனை நாள் வடியும், எப்போது திரும்பி வரவேண்டும்? கர்ப்பமாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ஐயா, இனி உங்களுக்கு. நான்கு வாரம் தாம்பத்திய உறவு கூடாது. முடியாதபோது ஆணுறை கட்டாயம். இதை மனைவி ஒருத்தியே சொல்லி மன்றாடும்படி விடாதீங்க. கூடவே வந்து நேரில் கேளுங்க. கிருமி உறவின் வழியே பரவுவதுதான். ஆனால் பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போவது. எப்போது வந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகத்துக்கு இதில் வேலையே இல்லைங்க.

காய்ச்சல், கடுமையான அடிவயிற்று வலி, நாற்றமுள்ள சீழ், கட்டி கட்டியாக ரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு வருடம் கழித்து மறு சோதனை உண்டு. பெரும்பாலோருக்குக் குணமாகிறது, எல்லோருக்கும் அல்ல. மிஞ்சியதைக் கண்டுபிடிக்க அந்த ஒரு நடைதான் வழி. தேதி எழுதிய சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.