மிதிவண்டிப் பயணத்தைப் பதிவு செய்தல்: செயலி போதுமா, கருவி வேண்டுமா?

பெங்களூருவின் ஹெப்பாளிலிருந்து நந்தி மலை உச்சி வரை சென்று திரும்பும் சாலை, அந்நகரின் மிதிவண்டிப் பயணிகளுக்கு ஞாயிறுதோறும் பழகிய பாதையாகும். சில வாரங்களுக்கு முன் நாங்கள் மூவர் விடியுமுன் ஒன்றாகப் புறப்பட்டு, ஒன்றாகவே திரும்பினோம். ஒருவர் கைப்பேசிச் செயலியில் பயணத்தைப் பதிவு செய்தார். இன்னொருவர் திறன் கைக்கடிகாரம் அணிந்திருந்தார். மூன்றாமவரின் மிதிவண்டிக் கைப்பிடியில் சிறு கணினியும், சக்கரத்தில் அதற்குரிய உணரியும் இருந்தன. தேநீர்க் கடையில் அமர்ந்து ஒப்பிட்டபோது, தொலைவில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வேறுபாடு தென்பட்டது. ஏறிய உயரத்தில் நூறு மீட்டருக்கும் மேல் வேறுபாடு. சராசரி வேகமோ மூன்றும் மூன்று விதம்.

இவற்றுள் எதை நம்புவது? அதைவிட முக்கியமாக, இதற்கெனப் பணம் செலவிடத்தான் வேண்டுமா? கைப்பேசிச் செயலிகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. மிதிவண்டிக் கணினிகளோ சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி, அரை இலட்சத்தைத் தாண்டியும் செல்கின்றன. வாங்கும் முன் அறிய வேண்டியவற்றை, எங்கள் பட்டறிவையும் சேர்த்து, இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

தொலைவு ஏன் மாறுகிறது?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் புவிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வருகின்றன. அவை அனுப்பும் சமிக்ஞை வந்தடைய எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டே நமது கருவி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. இதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைக்க வேண்டும். திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரணக் கைப்பேசி காட்டும் இடம் ஏறத்தாழ 5 மீட்டர் ஆரத்துக்குள் சரியாக இருக்கும். உயர்ந்த கட்டடங்களுக்கிடையே சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை பெருகுகிறது. இரண்டு அலைவரிசைகளில் சமிக்ஞை பெறும் புதிய கைப்பேசிகளும் கருவிகளும் இக்குறையைப் பெரிதும் சமாளிக்கின்றன. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நமது நாட்டின் நாவிக் ஆகிய தொகுதிகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் கருவிகள் இன்று உண்டு.

ஐந்து மீட்டர் பிழை சிறிதே எனத் தோன்றலாம். ஆனால் தொலைவு என்பது ஆயிரக்கணக்கான புள்ளிகளை இணைக்கும் கோட்டின் நீளம். புள்ளிகள் சாலைக்கு இருபுறமும் தள்ளாடினால் கோடு வளைந்து நெளிந்து நீளும். சில நொடிகளுக்கு ஒருமுறை மட்டுமே புள்ளி பதிந்தால், நந்தி மலையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கோடு குறுக்கே வெட்டிச் செல்லும், தொலைவு குறையும். தேநீர்க் கடையில் அசையாமல் நிற்கும்போதும் புள்ளிகள் மெல்ல அலைந்து, நாம் கடக்காத தொலைவைக் கணக்கில் சேர்த்துவிடுவதுண்டு. ஆகவே நொடிக்கு ஒரு புள்ளி பதியும் அமைப்பையும், நிற்கும்போது பதிவு தானாக நிற்கும் அமைப்பையும் தேர்ந்தெடுப்பது நன்று.

சக்கரத்தின் அச்சில் பொருத்தும் உணரி வானத்தை நோக்குவதில்லை. சுற்றுகளை எண்ணிச் சுற்றளவால் பெருக்குகிறது. அதனால் மரநிழலிலும் சுரங்கப் பாதையிலும் அது தவறுவதில்லை. ஆனால் சுற்றளவைச் சரியாகக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள வழக்கமான பந்தயச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2,105 மில்லிமீட்டர். 28 மில்லிமீட்டர் டயரானால் ஏறத்தாழ 2,136. டயரை மாற்றிவிட்டுக் கணக்கை மாற்ற மறந்தால், நூறு கிலோமீட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் குறைவாகக் காட்டும். எங்கள் மூன்றாம் நண்பருக்கு நேர்ந்ததும் இதுவே. மூவரிலும் விலை மிகுந்த கருவி அவருடையதுதான் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

உயரக் கணக்கில் வேறுபாடு இன்னும் பெரிது. காற்றழுத்த உணரி உள்ள கருவிகள், அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறத்தாழ எட்டு முதல் ஒன்பது மீட்டர் ஏறியதாகக் கொள்கின்றன. மலையில் இது நல்ல அளவுகோல். ஆனால் வானிலை மாறும்போதும் அழுத்தம் மாறுமே! மூன்று ஹெக்டோபாஸ்கல் மாற்றமே இருபத்தைந்து மீட்டர் ஏற்றமாகவோ இறக்கமாகவோ தோன்றிவிடும். உணரியின் சிறு துளையை மழைநீர் அடைத்தாலும் கணக்குக் குழம்பும். இவ்வுணரி இல்லாத கைப்பேசியில் பதிவான பயணத்துக்கு, ஸ்ட்ராவா போன்ற செயலிகள் நிலப்பரப்பின் உயர வரைபடத்தைக் கொண்டு ஏற்றத்தைக் கணிக்கின்றன. நந்தி மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரம். அங்கு நிற்கும்போது கருவி காட்டும் எண்ணை இதனுடன் ஒப்பிட்டாலே அதன் பிழை விளங்கிவிடும்.

சராசரி வேகத்தின் வேறுபாடு கருவியின் குறையன்று. செயலிகள் பலவும் சக்கரம் சுழன்ற நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேகத்தைக் காட்டுகின்றன. தேநீருக்கும் பழுதுநீக்கத்துக்கும் செலவான நேரத்தைச் சேர்த்தால் வேகம் குறையும். நண்பருடன் ஒப்பிடும் முன் இருவரும் எந்த நேரத்தைக் கணக்கிடுகிறோம் என்று கேட்டுக்கொள்வது வீண் வாதத்தைத் தவிர்க்கும்.

கைப்பேசியின் மின்கலமும் நமது பணப்பையும்

நகருக்குள் அலுவலகம் சென்று வருவோருக்கும், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஓட்டுவோருக்கும் கைப்பேசிச் செயலியே போதும் என்பது எங்கள் கருத்து. திரையை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டால் பதிவு தானே நடக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மட்டும் ஓர் அமைப்பைக் கவனிக்க வேண்டும். மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டு, பின்னணியில் இயங்கும் செயலிகளைக் கைப்பேசி நிறுத்திவிடுவதுண்டு. பயண வரைபடத்தில் ஏரியின் மீதும் வீடுகளின் மீதும் நேர்கோடு ஒன்று பாய்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. அந்தச் செயலிக்கு மின்கலக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளித்தால் சிக்கல் தீரும்.

நெடும்பயணத்தின் கதை வேறு. நம் நாட்டில் ஆடாக்ஸ் இந்தியா ரேண்டனர்ஸ் அமைப்பின் கீழ் நடைபெறும் பிரெவே பயணங்களில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். உணவும் உறக்கமும் அந்நேரத்துக்குள்ளேயே அடங்கும். வழியில் குறித்த ஊர்களைக் கடந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். ஊரின் பெயரும் நேரமும் அச்சாகி வரும் ஏ.டி.எம். சீட்டு அதற்கு வெகுவாகப் பயன்படுகிறது. நள்ளிரவில் ஏ.டி.எம். அறையிலிருந்து தலைக்கவசம் அணிந்த ஒருவர், பணம் எடுக்காமல் இருப்பு விவரச் சீட்டை மட்டும் பத்திரமாக மடித்துக்கொண்டு வெளியே வந்தால், வாடிக்கையாளர்கள் வியப்படைய வேண்டாம்.

அத்தகைய 300 கிலோமீட்டர் பயணம் ஒன்றில் எங்களில் ஒருவர், வழிகாட்டும் வரைபடத்தைக் கைப்பேசித் திரையில் எந்நேரமும் ஒளிரவிட்டுச் சென்றார். இரவு பதினொரு மணியளவில் கைப்பேசி அணைந்தது. பயணப் பதிவு நின்றது பெரிதன்று. வழி தெரியவில்லை, வீட்டாரை அழைக்க இயலவில்லை, யு.பி.ஐ. வழியே பணம் செலுத்தவும் முடியவில்லை. நெடுஞ்சாலைத் தேநீர்க் கடைக்காரர், "பணம் இருக்கட்டும் சார், முதலில் குடியுங்கள்" என்று பன்னும் தேநீரும் கொடுத்தார். கைப்பிடிப் பையில் மறந்துகிடந்த வங்கி அட்டை ஒன்றே அடுத்த ஊரில் பணத்தையும் சான்றுச் சீட்டையும் பெற்றுத் தந்தது.

தனிக் கருவி வாங்குவதற்கு எங்களுக்குத் தெரிந்த மிக வலுவான காரணம் இதுதான். கார்மின், வாஹூ, பிரைட்டன் முதலிய நிறுவனங்களின் மிதிவண்டிக் கணினிகள் பகலொளியிலும் தெளிவாகத் தெரியும் திரை உடையவை, மழையைத் தாங்குபவை, ஒரு முறை மின்னேற்றினால் பல மணி நேரம் உழைப்பவை. அவை வழியைக் காட்டிப் பதிவையும் ஏற்றுக்கொள்ளும்போது, கைப்பேசி அழைப்புக்கும் பணத்துக்கும் மிஞ்சும். இதற்கு விலை மிகுந்த வகை தேவையில்லை. பாதைக் கோட்டை மட்டும் காட்டும் எளிய கருவியே பிரெவே பயணத்துக்குப் போதுமானது. மிதிக்கும் ஆற்றலை வாட் அளவில் சொல்லும் பவர் மீட்டரைப் பந்தயப் பயிற்சி பெறுவோர் தவிர மற்றவர்கள் வாங்க வேண்டியதில்லை. அத்தொகைக்கு நல்ல விளக்குகளும் டயர்களும் வாங்கலாம்.

திறன் கைக்கடிகாரம் இடைப்பட்டது. ஏற்கெனவே வைத்திருப்போர் தாராளமாகப் பயன்படுத்தலாம். மிதிவண்டிக்கென்று புதிதாக வாங்குவதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஓட்டும்போது மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பது ஆபத்து. கைப்பிடியை இறுகப் பற்றி, குலுங்கும் சாலையில் செல்லும்போது, மணிக்கட்டில் ஒளி பாய்ச்சி அளக்கும் இதயத் துடிப்புக் கணக்கும் பிசகுகிறது. மார்புப் பட்டை உணரி இதில் மேலானது. இதய நோய்க்கு மருத்துவம் பெறுவோர் எவ்வளவு துடிப்பு வரை ஓட்டலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். செயலி வகுக்கும் எல்லைகளை நம்பியிருக்கலாகாது.

பதிவு யாரிடம் இருக்கிறது?

கருவியைத் தேர்ந்தெடுக்கப் பல நாள் ஆராய்வோர், பதிவுகள் சேரும் இடத்தைப் பற்றி ஒரு நிமிடமும் எண்ணுவதில்லை. பலர் பயன்படுத்திய எண்டோமோண்டோ செயலி 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் இணையத் தாக்குதலால் கார்மின் நிறுவனத்தின் சேவைகள் சில நாள் முடங்கின. அப்போதும் கருவிகள் சாலையில் வழக்கம்போல் பதிவு செய்தன. கோப்பைக் கம்பி வழியே கணினிக்கு எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் எதையும் இழக்கவில்லை. எனவே ஜி.பி.எக்ஸ். அல்லது எஃப்.ஐ.டி. வடிவில் பயணங்களைப் பதிவிறக்கம் செய்ய இடங்கொடுக்கும் செயலியையே தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் கோப்புகளை ஆண்டுக்கு இருமுறை ஓர் உறையில் சேமித்து வைக்கிறோம்.

பாதுகாப்பு இதனினும் கவலைக்குரியது. உலகெங்கும் பயனர்கள் சென்ற பாதைகளைத் தொகுத்து ஸ்ட்ராவா 2017-இல் ஒளிரும் வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதில் சிரியா, ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளில் இருந்த இராணுவ முகாம்களின் உள்பாதைகள் புலப்படுவதை 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டினார். நமது பயணப் பதிவும் அவ்வாறே பேசும்: ஒவ்வொரு ஞாயிறும் காலை ஐந்து மணிக்கு எந்த வீட்டு வாசலிலிருந்து புறப்படுகிறோம், எவ்வளவு நேரம் வெளியே இருக்கிறோம், எத்தகைய மிதிவண்டி வைத்திருக்கிறோம் என்பதனைத்தும் அதில் உண்டு. பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் அமைப்பை ஸ்ட்ராவா உள்ளிட்ட செயலிகள் தருகின்றன. மறைக்கும் வட்டத்தைப் பெரிதாக வைக்கவும். பதிவைக் காண நன்கறிந்தோரை மட்டும் அனுமதிக்கவும். வெளியூர்ப் பயணத்தை வீடு திரும்பிய பிறகே பகிரவும்.

இறுதியாகச் சந்தா. 2020 மே மாதம் ஸ்ட்ராவா, அதுவரை இலவசமாக இருந்த சில வசதிகளைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என மாற்றியது. பதிவு செய்யும் வசதி இன்றும் இலவசமே. இலவச முன்னோட்டம் என்ற பெயரில் அட்டை விவரத்தைப் பெற்று, காலக்கெடு முடிந்ததும் ஆண்டுச் சந்தாவைப் பற்று வைப்பது பல செயலிகளின் வழக்கம். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குவதால் சந்தா நீங்குவதில்லை. ரிசர்வ் வங்கியின் நெறிகளின்படி, இத்தகைய தொடர் பற்றுக்கு முதலில் கூடுதல் சரிபார்ப்புடன் நமது ஒப்புதல் பெறப்பட வேண்டும். ஒவ்வொரு முறையும் பற்று வைப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடுவதே பலரும் செய்யும் தவறு. வேண்டாத சந்தாவை முதலில் செயலிக் கடையின் கணக்குப் பக்கத்தில் நீக்கி, பின்னர் வங்கிச் செயலியில் நிலுவையிலுள்ள தானியங்கிப் பற்று ஒப்புதல்களின் பட்டியலில் அது மறைந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

ஏ.டி.எம். சீட்டைப் பற்றி ஒரு குறிப்பு. அது வெப்பத்தால் அச்சாகும் தாள்; வியர்வையும் வெயிலும் பட்டால் எழுத்து விரைவில் மங்கிவிடும். பயணத்தின்போது நெகிழிப் பையில் வைத்து, சாவடியைக் கடந்தவுடன் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்கிறோம். கைப்பேசியில் மின்சாரம் இருந்தால்.