கையெழுத்துக்கு முன்னால்

வானவடி, புனே

அன்புள்ள தாயி,

நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். பாதி அழுகை, பாதி கணக்கு. பேசி அனுப்பினால் கேட்டுவிட்டு அழித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

"கமுதியில் எட்டுப் படுக்கை நர்சிங் ஹோமில் மாசம் 9,000 தருகிறார்கள், புனேக்கு வந்துவிடட்டுமா அத்தை?" என்று கேட்கிறாய். வீட்டில் இடம் இருக்கிறது, வா. ஆனால் கமுதியில் கிடைக்கும் படிப்பு இங்கே கிடைக்காது. பாம்பு கடித்து ஒருவரைத் தூக்கி வந்தால், சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, உறைந்ததா என்று பார்க்க வேண்டும். உறையவில்லையென்றால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டியதுதான். இங்கே பெரிய ஆஸ்பத்திரிகளில் பத்து வருடம் வேலை பார்த்தும் அந்தக் குழாயைக் கையில் பிடிக்காத பிள்ளைகள் உண்டு. எனக்கு அதை முதல் மாசமே பிடிக்கக் கொடுத்தது ஒரு சின்ன ஊர்தான். பிரசவமும் அப்படித்தான். டாக்டர் வண்டியில் வந்துகொண்டிருப்பார், பிள்ளை அதற்குள் வந்துவிடும். கையில் தைரியம் ஏறுவது அந்த நேரத்தில்தான்.

அதே ஊர்தான் என் அசல் சான்றிதழ்களையும் பிடுங்கி வைத்துக்கொண்டது. எந்த ஊர், யார் நடத்தியது என்று சொல்லமாட்டேன். இரண்டு வருட ஒப்பந்தம் என்றார்கள். உன் மாமாவுக்குப் பட்டாளத்தில் புனேக்கு மாற்றல் வந்தபோது மூன்று மாசச் சம்பளத்தை விட்டுக்கொடுத்துத்தான் என் சான்றிதழை மீட்டேன். அதனால் சொல்கிறேன், நகல் மட்டும் கொடு. அசலைக் கேட்டால் "அப்பா பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்" என்று சொல். அண்ணன் கோபக்காரர் என்று ஊருக்கே தெரியும், நம்புவார்கள்.

சம்பளத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசு. 2016 இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், பல ஊர்களில் காகிதத்தோடு நிற்கிறது. ஆனாலும் அந்த எண் உனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியட்டும். 9,000 என்பது ஒரு நல்ல மேஸ்திரியின் பத்து நாள் கூலி.

அரசு வேலை என்றால் உடனே நிரந்தரம் என்று மதினி நினைக்கிறாள். 2015 இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்ஆர்பி) தேர்வெழுதித் தேர்வானவர்களே 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் அவர்கள் நிரந்தரம் கேட்டு உட்கார்ந்து போராடியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். அதற்காகத் தேர்வை விட்டுவிடாதே. பகலில் வேலை, இரவில் படிப்பு, நர்சிங் ஹோமுக்கு ஒரு வருடம், அதற்கு மேல் ஒரு நாள்கூட வேண்டாம். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்த வேலை அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டே இரு. வெளிநாடு போவதாக இருந்தால் தரகரிடம் போகாதே, தமிழக அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஓஎம்சிஎல் இருக்கிறது. வெளிநாடு போக நினைப்பவர்களிடம், வேலை பார்த்த இடத்தில் எத்தனை படுக்கை என்று கேட்பார்கள். எட்டுப் படுக்கை அனுபவம் அங்கே எடுபடுவது சந்தேகம்.

ராணுவமும் ஒரு வழி. எங்கள் வீட்டிலிருந்து கமாண்ட் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். பக்கத்திலேயே ராணுவ மருத்துவக் கல்லூரியான ஏஎஃப்எம்சியின் நர்சிங் கல்லூரி. அங்கே படித்து முடிக்கிற பிள்ளைகள் ராணுவத்தில் லெப்டினன்ட்டாகப் போகிறார்கள். நீ பி.எஸ்சி. முடித்துவிட்டதால் அந்தப் படிப்பு உனக்கு இல்லை. ஆனால் பட்டதாரிகளைக் குறுகிய காலப் பணிக்கு எடுக்கும் அறிவிப்பு அவ்வப்போது வரும். 2023 இல் வந்ததில் வயது 21 முதல் 35 வரை. அந்த வாசல் எனக்கு மூடியிருந்தது, கல்யாணம் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் உள்ளே இருந்தவர்களும் கல்யாணம் செய்தால் வெளியே போகவேண்டியதுதான். அப்படி 1988 இல் வெளியேற்றப்பட்ட செலினா ஜானுக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 பிப்ரவரியில். அந்த விதியை 1995 லேயே எடுத்துவிட்டார்கள். எனக்கு அதற்குள் இரண்டு பிள்ளைகள்.

நர்சிங் கவுன்சில் பதிவு வந்துவிட்டதா? அது இல்லாமல் ஒரு ஊசிகூடப் போடாதே, யார் சொன்னாலும். வேலை ஆணையில் "ஸ்டாஃப் நர்ஸ்" என்று இருக்கவேண்டும், "உதவியாளர்" என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. சம்பளம் கையில் வேண்டாம், வங்கியில் வரட்டும். நாளைக்கு அனுபவத்துக்கு அத்தாட்சி அந்தப் பாஸ்புக்தான்.

அவர்கள் நீட்டும் தாளைக் கையெழுத்துக்கு முன்னால் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ராத்திரி அனுப்பினாலும் பரவாயில்லை. நைட் டூட்டி பார்த்த கண், இன்னும் 3 மணிக்குத் தானாகத் திறந்துகொள்கிறது.

அன்புடன்,
அத்தை